டேங்க் பின்னாடி இரு

காகமும் அணிலும் தினமும் மாலையில் வேப்பமரத்தடியில் ஒரு விளையாட்டு ஆடும். காகம் கதை சொல்லும். அணில் அந்தக் கதையின் வீரனாக நடித்துப் பகடை உருட்டும். புதிதாகக் குடிவந்த முயல், தானும் சேரலாமா என்று கேட்டது.

“லெவல் ஒண்ணுதானே? டேங்க் பின்னாடியே இரு. அக்ரோ இழுக்காதே,” என்றது அணில்.

அவர்கள் பேச்சில் டேங்க் என்றால் முன்னே நின்று அடி வாங்குபவன், அதாவது அணில்; அக்ரோ இழுப்பது என்றால் எதிரியின் கோபத்தைத் தன் பக்கம் திருப்புவது. முயலுக்கு இதெல்லாம் தெரியாது. கேட்கவும் கூச்சம். தோட்டத்து மூலையில் இருந்த தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. மறுநாளும் உட்கார்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. விளையாட்டே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மதில்மேல் பூனை ஏறியது. முயல் மரத்தடிக்கு ஓடியது.

“பூனை வருது.”

“முதல்ல இனிஷியேட்டிவ் போடு, யார் முதல்ல அடிக்கிறதுன்னு பார்க்கலாம்,” என்றது காகம், அதையும் விளையாட்டு என்று நினைத்து.

“அதுக்கு ஹெச்பி எத்தனை? எத்தனை அடி தாங்கும்?” என்றது அணில், திரும்பிப் பார்க்காமல்.

“தெரியாது. வாயில ரத்தம் இருக்கு.”

காகம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அணில் பகடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றது. முயல் அதன் பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய், டேங்குக்கு அடியில் இருந்த செங்கல் இடுக்கில் நுழைந்தது. பூனை வெளியே உட்கார்ந்து செங்கலைப் பிறாண்டியது.

அணில் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தது.

“உன் பேர் என்ன?” என்று கேட்டது.

“கஸ்தூரி,” என்றது முயல். “மெதுவாப் பேசு. அது இன்னும் போகல.”