ஜமீன்தாரின் இடது கால்

கனகாம்பரச் சரத்தை என் கொண்டையில் சுற்றிவிட்டுச் சிரித்தார் விருத்தாசலம். "நெறைய வச்சிக்க வேணி. போன வாரம் பூ தீந்துபோயி முந்தானை நூலப் புடுங்கிப் போட்டுக்கினு இருந்தியே!"

"கதைய ஜல்தியா முடிச்சிட்டுத் தொறங்க. உள்ள வௌவால் நாத்தம் தாங்கல."

"ஏழு தலைமுறை ஜமீன ஜல்தியா சாவடிக்க முடியுமா?"

கணவனும் மனைவியுமாக நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

திண்டிவனம் பக்கத்து ஜமீன் மாளிகை அது. ஓவியக் கூடத்தைச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. சுவருக்குள் ஒளிந்திருப்பது என் வேலை.

கூடத்திலேயே பெரிய படம் பலகையில் தீட்டியது. தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஜமீன்தார் நிற்பார். உண்மையில் அது ஒரு கதவு. பின்னால், ஒருக்களித்து நிற்கும் அளவுக்கு ஒரு சந்து. மாளிகைப் பெண்கள் அங்கே நின்றுதான் சபையைப் பார்ப்பார்களாம். பார்ப்பதற்கு ஜமீன்தாரின் மார்புப் பதக்கத்தில் ஒரு துளை.

அவர்கள் குரல் சபையில் கேட்கக் கூடாது. வெளியே வர வேண்டுமென்றால் துளை வழியாக ஒரு பூவைத் தள்ள வேண்டும். வேலைக்காரி பார்த்துவிட்டுத் திறப்பாள்.

தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். அதையும் படத்துக்குள் மறைத்திருந்தார்கள். அதன் இடம் எங்களுக்கும் டிக்கெட் கொடுக்கும் ஜெசிந்தாவுக்கும் தெரியும்.

கதை முடிவில் நான் பூவைத் தள்ளுவேன். கூட்டம் வாயைப் பிளக்கும். அவர் திறப்பார். நான் வெளியே வந்ததும் கைதட்டுவார்கள்.

அன்று வந்தவர்கள் திருவக்கரையில் கல்மரம் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம். அவர் வழக்கம்போல ஜமீன்தாருக்கு முதுகைக் காட்டி நின்று கதை சொன்னார். எங்கள் தாத்தாக்கள் இந்த மாளிகையைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். அந்தப் படத்தை அவர் ஒருநாளும் கும்பிட்டதில்லை.

இரண்டாவது தலைமுறையிலேயே குரல் நின்றது.

துளையில் கண்ணை வைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மண்டியிட்டார். பிறகு படத்தை நோக்கித் தவழ்ந்து வந்தார்.

காலடிக்கு வந்ததும் துளைக்கு அவர் தெரியவில்லை. பலகையில் நகம் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

கத்தினேன். அவர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பூவைத் தள்ளினேன். இன்னொன்று. இன்னொன்று. கதைதான் பூ விழும் இடத்துக்கு வரவே இல்லையே. அதற்கு என்ன பொருளென்று யாருக்குத் தெரியும்?

ஜெசிந்தா அழுதபடி ஓடிவந்தாள். அவரைத் தூக்கினார்கள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

காலிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரம் தீர்ந்தது. முந்தானை நூலைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"அவரு சம்சாரம் எங்கம்மா?" என்று ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டபோதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்ததாம். ஓடிவந்து திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் போய்விட்டது தெரிந்தது.

அன்று பார்த்தவர்கள் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. சாகும் நேரத்தில் ஒரு விசுவாசி தவழ்ந்து போய் ஜமீன்தாரின் காலைத் தொட்டானாம். ஜமீன்தார் மார்பிலிருந்து அவன் மேல் பூச்சொரிந்தாராம்.

ஜமீன் வாரிசுகள் மனம் உருகி என் கணவரின் போட்டோவை அந்தக் காலடியில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் குனிந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

போன மாதம் நானும் போனேன். கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். பிறகு குனிந்து, ஜமீன்தாரின் இடது செருப்பு நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

தாழ்ப்பாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.