விமானம் என்று சொன்ன பூச்சி

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் ஒரு பல்லி இருந்தது. அந்தி சாய்ந்ததும் வானத்தில் சாட்டிலைட் பார்ப்பதில் அதற்கு அப்படியொரு பைத்தியம். அன்று தொட்டி மூலையில் ஒரு அந்துப்பூச்சி அதனிடம் வசமாக மாட்டிக்கொண்டது. பல்லிக்கு நல்ல பசி. வாயைத் திறந்தது.

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம்," என்றது பூச்சி. "அதோ மேல போகுதே, அது விமானம்தானே?"

பல்லிக்குச் சுருக்கென்றது. சட்டென்று வானத்துப் பக்கம் திரும்பியது.

"விமானமா? விமானம்னா விளக்கு விட்டு விட்டு எரியும். இது அப்படி எரியுதா பாரு! சத்தம் கேக்குதா? இது சாட்டிலைட். இப்போ பூமியோட நிழலுக்குள்ள நுழையும், பாத்துக்கிட்டே இரு... மறைஞ்சுதா!"

பெருமையோடு திரும்பினால் பூச்சியையும் காணோம்.

"பசியைக்கூடப் பொறுத்துக்கலாம்," என்று புலம்பியது பல்லி. "அந்தப் பூச்சி ஊரெல்லாம் போய் விமானம்னு சொல்லுமே, அதைத்தான் தாங்க முடியல!"