கர்ப்பிணிக்குச் சேராது

குழந்தையில்லாத சுகந்தி வளைகாப்புக்குத் தயங்கித்தான் வந்தாள். தம்பி மனைவி இலக்கியாதான், "முதல் சந்தனம் நீங்கதான் வைக்கணும் அண்ணி" என்று பிடிவாதம் பிடித்தாள்.

சுகந்தி இலக்கியாவின் கன்னத்தில் சந்தனத்தைத் தடவியதுதான் தாமதம், கண்ணாடி வளையல்களுக்கு நடுவே கருவைக் கண்காணிக்க ஆஸ்பத்திரி மாட்டிவிட்டிருந்த காவல் வளையல் சிவந்து கத்தியது. "கர்ப்பிணிக்குச் சேராது. உடனே விலக்கவும்."

சுகந்தி சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மிஷினுக்கே தெரியுது பாருங்க" என்றாள் பெரியம்மா.

பெற்ற அம்மாவே சுகந்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "நீ உள்ள போயிரு கண்ணு."

நாலு பிள்ளை பெற்ற பெரியம்மா அதே கிண்ணத்துச் சந்தனத்தைப் பூசினாள். வளையல் மறுபடியும் கத்தியது.

"அவ கை பட்ட கிண்ணமாச்சே!" என்றாள் பெரியம்மா.

இலக்கியா எழுந்தாள். பிரிக்காத சந்தனப் பாக்கெட் ஒன்றைக் கத்தரித்து வளையல்மேல் பிதுக்கினாள். அது மூன்றாம் முறையும் கத்தியது.

"எது சேராது? சொல்லு."

"சந்தனம் கெடாமலிருக்கக் கலந்த ரசாயனம்" என்றது வளையல்.

இலக்கியா கன்னத்தைக் காட்டினாள். "அண்ணி, நீங்களே வந்து தொடைச்சு விடுங்க."

சுகந்தி திரும்பினாள். அம்மாவின் பிடி இன்னும் தளரவில்லை.