சுருக்கம் விழவில்லை

“இன்னும் சுருக்கமே விழலையே,” என்று கண்ணாடிக்கு முன்னால் குனிந்து குனிந்து பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் மருந்துக்கடைக்காரர். அறுபதை எட்டப்போகிற மனுஷன் சுருக்கம் விழவில்லையே என்று கவலைப்படுவதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

அது முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. சமையலறையில் மனைவி உயிராக வைத்திருந்த ஓவனின் கண்ணாடிக் கதவு. உள்ளே கேக் வேகவேண்டிய இடத்தில், அவருடைய ஐம்பது வருடத்துப் பழைய காரின் டேஷ்போர்டுத் தகடு கறுப்புப் பெயிண்டைப் பூசிக்கொண்டு படுத்திருந்தது.

அந்தப் பெயிண்ட் ஒரு தினுசு. மற்றப் பெயிண்டெல்லாம் வழவழவென்று காய்ந்தால் அழகு. இது பொடிப்பொடியாகச் சுருங்கிக் காய்ந்தால்தான் அழகு. அவர் காருக்கு உள்ளே இருந்த தகடெல்லாம் புதிதாக வந்தபோது அப்படித்தான் இருந்தன.

மறுநாள் காலை பழைய கார்களின் கண்காட்சி. இரண்டு வாரத்துக்கு முன்னால் மொட்டைமாடி வெயிலில் காயவைத்த டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி மட்டும், கண்பட்டுவிடும்போல வந்திருந்தது. பழைய கார் சங்கத்தின் தலைவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“என்ன கைங்க உங்களுக்கு. மத்ததும் இதே மாதிரி வந்துட்டா கோப்பை உங்களுக்குத்தான்.”

அன்றிலிருந்து மருந்துக்கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்களுக்குக்கூட மூடியைக் காட்டிவிட்டுத்தான் மருந்தைக் கொடுத்தார்.

மூடி காய்ந்த அதே நாளில், மாடிக் கொடியிலிருந்து காற்றில் விழுந்த புதுப் பெட்ஷீட்டில் கறுப்பாக என்னவோ அப்பிக்கொண்டது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கிழித்துத் தரை துடைக்கிற துணியாக்கிவிட்டாள். திட்டு விழாததே பெரிய விஷயம் என்று இவரும் அவள் வாயைக் கிளறவில்லை.

ஆனால் அதே வெயில், அதே டப்பா, அதே கை. மற்றத் தகடுகள் மட்டும் அடம்பிடித்தன. மூன்று தடவை சுரண்டினார், மூன்று தடவை அடித்தார், வழவழவென்று நின்றன சனியன்கள்.

டப்பாவின் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி என்னவோ எழுதியிருந்தது. “சீட்டைப் படிச்சுட்டு மாத்திரையைப் போடுங்க” என்று ஊருக்கெல்லாம் ஓதுகிறவர்தான். தன் டப்பாவைப் படிக்க மட்டும் அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சூடு காட்டினால் சுருங்கும் என்று யாரோ சொன்னார்கள், அது போதும் அவருக்கு.

மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். போன வருஷம் கார்புரேட்டரை அவளுடைய குக்கரில் போட்டு வேகவைத்த அன்று அவள் சொன்னது இன்னும் இவர் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. “இனிமே வண்டிச் சாமான் ஒண்ணு என் சமையல்ரூமுக்குள்ள வந்துச்சுன்னா, நீங்களும் வண்டியுமா ஷெட்டுலயே குடும்பம் நடத்திக்கோங்க.” சொன்னதைச் செய்கிற மகராசி அவள்.

அரை மணி ஆனது. தகட்டை வெளியே எடுத்தார். பாதி சுருங்கியிருந்தது, பாதி சொட்டைத் தலைபோல் மினுங்கியது. அடுத்து என்ன செய்வது என்று தலையைச் சொறியப்போன நேரத்தில் வாசல் மணி அடித்தது.

மனைவிதான். மணி மூன்றுகூட ஆகவில்லை.

“என்னங்க கையில?”

“கிளவுஸ்.”

“அது தெரியுது. எதுக்குப் போட்டிருக்கீங்க?”

“குளிருது.”

அவள் அவர் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தாள். மூக்கை விடைத்து மோந்து பார்த்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். மேடைமேல் தகடு ஆவி பறக்கக் கிடந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மருந்துக்கடைக்காரர் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி அவள் பின்னால் போய் நின்றார்.

“தப்புதாம்மா. என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன். அந்த ஓவனை ஷெட்டுக்குக் கொண்டுபோயிடறேன், இனிமே அதுல கேக் செய்யாத. உனக்குப் புதுசு வாங்கித் தரேன்.”

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“எனக்கு எதுவுமே ஒழுங்கா வந்ததில்ல, உனக்கே தெரியும். வாழ்க்கையில அந்த மூடி ஒண்ணுதான் என் கையால உருப்படியா வந்துச்சு. மத்ததும் அதே மாதிரி வரணும்னு ஒரு ஆசை. நாளைக்கு நாலு பேர் முன்னாடி அசிங்கப்பட்டுடக் கூடாதேன்னுதான்...”

மனைவி தகட்டைக் குனிந்து பார்த்தாள். சுருங்கிய பாதியையும் சுருங்காத பாதியையும் ஒரு டாக்டர் மாதிரி மாறி மாறிப் பார்த்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தால், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது.

“புது ஓவன் கட்டாயம் வாங்கணும்தான். நான் இதுல கேக் போட்டே ரெண்டு வாரமாச்சு.”

“ஏன், ரிப்பேரா?”

அவள் ஓவன் கதவைத் திறந்தாள். “எவ்வளவு நேரம் வச்சீங்க?”

“அரை மணி.”

கைப்பையை மேடைமேல் வைத்தாள். கரித்துணியால் தகட்டைப் பிடித்து மறுபடியும் ஓவனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, குமிழைத் திருகினாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“மூடிக்கு நான் அம்பது நிமிஷம் வச்சேங்க.”