பங்குக்கு வந்தவங்க

"அந்த உணவு ஆய்வகத்துப் பேரைக் கட்டுரையிலிருந்து எடுத்துடும்மா" என்றார் பயிர் ஆராய்ச்சி நிலைய இயக்குநர்.

"எடுக்க மாட்டேன் சார்."

இயக்குநருக்குச் சுருக்கென்றது.

மழை பொய்த்த வருஷத்திலும் தளதளவென்று நிற்கிற பயறு. வயலைப் பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். ஆய்வுக் கட்டுரை நாளை போயாக வேண்டும். இந்த நேரத்திலா மல்லுக்கு நிற்பாள், வேலைகூட நிரந்தரமாகாத ஒரு பெண்!

"ஏம்மா, ஒப்பந்தம் என்ன? விதையை ஆளுக்குப் பாதி எடுத்துக்கணும். நாம விளைய வைக்கணும். அவங்க வேகவச்சு, சத்து எப்படி, ருசி எப்படின்னு பார்த்துச் சொல்லணும். சொன்னாங்களா?"

"இல்லை சார்."

"அடுப்பையாவது பத்த வச்சாங்களா?"

"இல்லை சார்."

"கேட்டா, 'இந்தத் தடவை முடியலை, மன்னிச்சுக்குங்க'ன்னு அந்த ஆய்வகத் தலைவியம்மா தேன் ஒழுகப் பேசுறாங்க. நாம வெயில்ல காயணும், பேர் போடுற அன்னிக்கு அவங்க வந்து பல்லைக் காட்டணுமா?"

பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் அவள் காதைக் கடித்தார். "தங்கச்சி, வேலை நிரந்தரமாகிற நேரம். தலையாட்டிட்டுப் போயேன்."

அவள் பேனாவை எடுத்தாள். இயக்குநர் முகம் மலர்ந்தது.

கட்டுரையின் முதல் பக்கத்தில் தன் பேரை அடித்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"அவங்க பேர் இல்லாத இடத்துல என் பேரும் வேண்டாம்."

"என்ன திமிரு! அப்படி என்னத்தைக் கண்டுட்டே அவங்ககிட்ட?"

"சொல்லக்கூடாதுன்னு அந்தம்மா வாக்கு வாங்கியிருக்காங்க."

"யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு?"

"உங்ககிட்டதான்."

"எனக்குத் தெரியாம என் இடத்துல ரகசியமா? இப்பவே சொல்லு. இல்லைன்னா நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே!"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"சரி, கேட்டுக்குங்க. விதைப்புக்கு முந்தி விருந்தாளிங்க வந்தாங்களே, நம்ம விதைப் பெட்டியைத் திறந்து வச்சு அவங்களோட போட்டோ எடுத்துக்கிட்டீங்க. அப்படியே ஜன்னலோரமா வச்சிட்டு விடுமுறைக்குக் கிளம்பிட்டீங்க. ஜன்னலையும் சாத்தலை. இந்த வருஷத்து ஒரே மழை அப்போதான் பெஞ்சுது. நான் வந்து பார்க்கிறப்போ நம்ம பாதி மொத்தமும் ஊறி அழுகிக் கிடந்துச்சு."

உதவி இயக்குநர் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

இயக்குநர் வயல் பக்கம் திரும்பினார். "அப்போ... வயல்ல நிக்கிறது?"

"அவங்க பாதி சார். வேகவைக்க ஒரு மணிகூட வச்சுக்காம அள்ளிக் கொடுத்தாங்க. 'பெரிய மனுஷன், தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது'ன்னு, 'எங்களால முடியலை'ங்கிற பழியையும் அவங்களே சுமந்துக்கிட்டாங்க."