டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம்

செவலை என்ற தெருநாய் லாரியில் ஏறி நாக்பூர் வரை போய்வந்தது. டிரான்ஸ்பார்மரைத் தாண்டி அடுத்த தெருவுக்கு மட்டும் போனதே இல்லை.

“அங்கே ஏரி இருக்கு. செலவில்லாம ஒரு நாள் சுத்திப் பாரேன்,” என்றது காக்கை.

“அந்தத் தெரு நாய் கருவாயன் குதறிடுவான்.”

“அவனைப் பார்த்திருக்கியா?”

“அவன் குரைக்கிறதைக் கேட்டிருக்கேன். அது போதும்.”

ஆனாலும் ஏரி ஆசை விடவில்லை. ஒரு மதியம் வாலை இடுக்கிக்கொண்டு டிரான்ஸ்பார்மரைத் தாண்டியது. டீக்கடைப் பெஞ்சுக்கடியில் கன்னங்கரேலென்று ஒரு வாய் தெரிந்தது. செவலை அப்படியே மல்லாந்து விழுந்தது.

கருவாயன் வெளியே வரவில்லை. உள்ளிருந்தபடியே நடுங்கும் குரலில் கேட்டது:

“அந்தத் தெருவிலிருந்தா வர்றே? செவலை உன் பின்னாடி வர்றானா?”

செவலையும் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தது.