அறுபது அடி

"பிளான்ல கோடு அப்படியே இருக்கணும். மேல இருக்கிற அடி நம்பரை மட்டும் அழிச்சுட்டு வேற நம்பர் அடிச்சா, ஒங்க சாப்ட்வேர் ஏத்துக்கிடுமா?"

சண்முகவேல் அண்ணாச்சி இப்படிக் கேட்டதும் சினேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதுவரைக்கும் பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விருதுநகரில் கம்ப்யூட்டர் விற்கும் கடையில் அவளுக்கு வேலை. ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் இந்தப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து, பிளான் வரைய சிஸ்டம் வேண்டும் என்று போன் வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"த்ரீடில சுத்திச் சுத்திப் பாக்கணும்னாத்தான் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேணும் அண்ணாச்சி. நீங்க செட்டு பிளான்தானே வரையப் போறீக? சாதா கார்டு போதும். மெமரியைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கிடுங்க. மானிட்டர் மட்டும் பெருசா எடுங்க" என்று, அவருக்குச் செலவைக் குறைத்தே சொல்லியிருந்தாள்.

சாப்ட்வேரில் இரண்டைக் காட்டினாள். ஒன்று வருசா வருசம் பணம் கட்டுவது. இன்னொன்று ஒரே தடவை வாங்கிப் போடுவது.

அண்ணாச்சி இரண்டுக்கும் விலை கேட்கவில்லை. நம்பரைப் பற்றித்தான் கேட்டார்.

சினேகா ஜன்னல் வழியே பார்த்தாள். வரிசையாகச் செட்டுகள், பட்டாசு செய்யும் தனித்தனிச் சின்னக் கட்டடங்கள். அதில் ஒன்றில்தான் அவள் அம்மா முருகம்மாள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். சினேகா அவள் மகள் என்று முதலாளி அண்ணாச்சிக்குத் தெரியாது. ஒரு செட்டில் தீப்பிடித்தால் அடுத்த செட்டுக்குத் தாவக் கூடாது என்றுதான் நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியை மனுசன் கீபோர்டிலேயே கூட்டிவிடப் பார்க்கிறார்.

நம்பரை மாற்றலாம். அரை நிமிச வேலை.

"ஏத்துக்கிடாது அண்ணாச்சி" என்றாள்.

"நல்லாத் தெரியுமா?"

"கோடு எம்புட்டோ, நம்பர் அம்புட்டுத்தான் காட்டும்."

"அந்த இன்னொண்ணு?"

"அதுலயும் முடியாது."

ஆர்டர் போச்சு என்று லேப்டாப்பை மூடினாள். இந்த மாசம் ஒரு சிஸ்டம்கூட விற்கவில்லை. கடையில் திட்டு வாங்க வேண்டியதுதான்.

"ரெண்டு சிஸ்டம் எழுதிக்கோம்மா" என்றார் அண்ணாச்சி.

அவள் விழித்தாள்.

அவர் டிராயரைத் திறந்து பழைய பிளான் ஒன்றை மேசையில் விரித்தார்.

"இந்தா பாரு. செட்டுக்குச் செட்டு அறுபது அடின்னு போட்டிருக்கா? நேத்து நானே போய் அளந்தேன். நாப்பத்திரெண்டுதான் இருக்கு. வரைஞ்சவன் கோட்டைத் தொடாம நம்பரை மட்டும் மாத்தி வச்சிருக்கான். இதை நம்பி எட்டு வருசமா ஆளுகளை உள்ள உக்கார வச்சிருக்கேன். நெனச்சா சோறு இறங்கல."

"இப்ப என்ன செய்யப் போறீக?"

"ஒண்ணு விட்டு ஒரு செட்டை இடிக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு வேலை ஆரம்பிக்குது. அடுத்த வாரம் லைசென்சுக்குப் புதுப் பிளான் கொடுக்கணும். அதுல ஒரு பய கைவைக்க முடியக் கூடாது. அதான் ஒன்னைத் துருவித் துருவிக் கேட்டேன்."

சினேகாவுக்கு முகம் சுட்டது. இப்படிப்பட்ட மனுசனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்! அதைவிட, அவள் சொன்னதை நம்பியல்லவா வாங்குகிறார். நாளைக்கு எவனாவது மறுபடியும் நம்பரை மாற்றினால், மாற்ற முடியாது என்ற தைரியத்தில் இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரே.

அண்ணாச்சி ஆர்டர் பாரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். நான் பொய் சொல்லிட்டேன். நம்பரை மாத்தலாம். ரெண்டுலயும் மாத்தலாம்."

பேனா நின்றது.

"மாத்தலாமா?"

"ஆமா. நீங்க ஏமாத்துறதுக்குத்தான் கேக்கீகன்னு நெனச்சு அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

"மாத்தினா வெளிய தெரியுமா?"

"பிரிண்ட்டுல பாத்தாத் தெரியாது அண்ணாச்சி. அதனாலதான் சொல்லுதேன். புதுப் பிளான் வந்ததும் நீங்களே ஒரு தடவை அளந்து சரிபாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி பழைய பிளானை மடித்து டிராயருக்குள் வைத்தார்.

"ஆர்டர் கையவிட்டுப் போனாலும் போகட்டும்னு உண்மையைச் சொல்லுற பிள்ளை இந்தக் காலத்துல எங்கன இருக்கு?" என்றார். கையெழுத்தைப் போட்டார். அவளுக்குக் குடிக்க ஒரு கலர் சோடா வாங்கி வரச் சொன்னார்.

சினேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆர்டர் பாரத்தை அவளிடம் நீட்டிக்கொண்டே, மறு கையால் மேனேஜருக்குப் போன் போட்டார் அண்ணாச்சி.

"ஏலே சங்கரபாண்டி, செட்டு எதையும் இடிக்க வேண்டாம்னு சொல்லிரு."